வானொலியின் கதை – 17: நாஷ்வில் பாட்டு எல்லாருக்கும் பொதுவாக இருந்த காலம்

1957 முதல் 1983 வரை அமெரிக்க பாப் வானொலியில் கன்ட்ரி பாடல்களுக்கு நிலையான ஓர் இடம் இருந்தது. டெட்ராய்ட்டில் பதிவான சோல் பாட்டு, லண்டனிலிருந்து வந்த ராக் பாட்டு, டென்னசி மாநிலத்து நாஷ்வில்லில் பதிவான கன்ட்ரி பாட்டு மூன்றும் ஒரே நிலையத்தில், அரை மணி நேரத்துக்குள், அடுத்தடுத்து வரும். கேட்பவர் எதையும் தேடிப் போக வேண்டியதில்லை. இன்று அறுபது வயதைக் கடந்த அமெரிக்கர்கள் பேட்ஸி க்ளைன், ஜிம் ரீவ்ஸ், க்ளென் கேம்பெல், கென்னி ராஜர்ஸ், டாலி பார்ட்டன் ஆகியோரின் பாடல்களை ஏக்கத்தோடு பேசும்போது, பாட்டோடு சேர்த்து அந்த வானொலியையும் நினைத்துக்கொள்கிறார்கள்.

கன்ட்ரி இசை வானொலியோடு சேர்ந்தே வளர்ந்தது. நாஷ்வில்லின் டபிள்யூஎஸ்எம் நிலையம் 1925இல் தொடங்கிய சனிக்கிழமை இரவு நிகழ்ச்சி, 1927இல் 'கிராண்ட் ஓல் ஆப்ரி' என்று பெயர் பெற்று இன்றுவரை நடந்துவருகிறது. நிலையத்தை நடத்தியது ஓர் ஆயுள் காப்பீட்டு நிறுவனம். தென் மாநிலக் கிராமங்களில் பாலிசி விற்கப் போன முகவர்களுக்கு இந்தப் பாட்டுகள் வீட்டுக் கதவைத் திறந்துவிட்டன. பிடில், பாஞ்சோ, ஸ்டீல் கிட்டார், மூக்கொலியோடு இழுத்துப் பாடும் குரல் என்று அதன் அடையாளங்கள் அப்போதே உறுதியாகிவிட்டன. நகரத்து நிலையங்கள் அந்த ஒலியைத் தங்கள் நேயர்களுக்கு ஏற்றதாக நினைக்கவில்லை. இசைத்தட்டு வணிகமும் வெள்ளை நகரத்தவருக்கு ஒன்று, கிராமத்து வெள்ளையருக்கு ஒன்று, கறுப்பினத்தவருக்கு ஒன்று என்று மூன்று தனித்தனி வரிசைப் பட்டியல்களை வைத்திருந்தது.

ஆனால் பாட்டை மட்டும் நகரம் எடுத்துக்கொண்டது. பீ வீ கிங், ரெட் ஸ்டூவர்ட் இருவரும் எழுதிய 'டென்னசி வால்ட்ஸ்' பாடலை 1950இல் பேட்டி பேஜ் பாடினார். அது பாப் வரிசையில் முதலிடம் பிடித்தது. மறு ஆண்டு கன்ட்ரிப் பாடகர் ஹாங்க் வில்லியம்ஸின் 'கோல்ட், கோல்ட் ஹார்ட்' பாடலை நியூயார்க்கின் டோனி பென்னட் பாடி அதே இடத்தை எட்டினார். ஹாங்க் வில்லியம்ஸின் சொந்தக் குரலுக்கு அந்த உயரம் கிடைக்கவே இல்லை. 1953 ஜனவரி 1 அன்று 29 வயதில் அவர் இறந்தபோது, அவருடைய பாட்டு நாடெங்கும் தெரிந்திருந்தது. குரல் பாதி நாட்டுக்குத்தான் தெரிந்திருந்தது.

இந்த நிலையை மாற்றியது ஒரு நெருக்கடி. 1956 ஜனவரியில் எல்விஸ் பிரெஸ்லி நாஷ்வில்லுக்கே வந்து 'ஹார்ட்பிரேக் ஹோட்டல்' பாடலைப் பதிவு செய்தார். அடுத்த ஓராண்டுக்குள் இளைஞர்கள் ராக் அண்ட் ரோல் பக்கம் சாய்ந்தார்கள். ஒமாஹா நகரில் டாட் ஸ்டார்ஸ் உருவாக்கிய, அதிகம் விற்கும் நாற்பது பாடல்களையே திரும்பத் திரும்ப ஒலிபரப்பும் முறை நாடெங்கும் பரவியது. கன்ட்ரிக்கு ஒதுக்கப்பட்டிருந்த நேரம் சுருங்கியது. 1961இல் நாள் முழுக்க கன்ட்ரி ஒலிபரப்பிய நிலையங்கள் நாடு முழுவதிலும் 81 மட்டுமே. பாப் நிலையத்தில் இடம் பிடித்தால்தான் பிழைப்பு என்ற நிலை வந்தது.

அந்த இடத்தைப் பிடித்துக் கொடுத்தவர்கள் இரண்டு தயாரிப்பாளர்கள்: ஆர்சிஏ நிறுவனத்தின் செட் அட்கின்ஸ், டெக்கா நிறுவனத்தின் ஓவன் பிராட்லி. பிடிலையும் ஸ்டீல் கிட்டாரையும் குறைத்தார்கள். வயலின் குழு, மெல்லிய பியானோ, ஜோர்டனேர்ஸ், அனிடா கெர் குழு போன்றவர்களின் பின்பாட்டு ஆகியவற்றைச் சேர்த்தார்கள். இதற்கு 'நாஷ்வில் சவுண்ட்' என்று பெயர் வந்தது. பிராட்லியின் ஒலிப்பதிவுக் கூடம், ராணுவத்தின் பழைய வளைகூரைத் தகரக் கொட்டகை ஒன்றை வீட்டோடு ஒட்டி எழுப்பிய கட்டடம். அங்கே வாசித்தவர்கள் பெரும்பாலும் ஒரே பத்துப் பன்னிரண்டு பேர்தான். பியானோவில் ஃப்ளாய்ட் க்ரேமர், கிட்டாரில் ஹாங்க் கார்லண்டும் கிராடி மார்ட்டினும், டிரம்ஸில் படி ஹார்மன். இசைக் குறியீட்டுத் தாள் இல்லாமல், சுரக்கூட்டுகளை (கார்ட்) எண்களால் குறித்துக்கொண்டு வாசித்தார்கள். நம் ஸரிகமவைப் போலவே பாடகரின் சுருதி மாறினாலும் எண் மாறாது. மூன்று மணி நேரத்தில் நாலு பாட்டு முடிந்துவிடும். செலவு குறைவு, தரம் நிலையானது. சிறிய நகரமான நாஷ்வில் நியூயார்க்கோடும் லாஸ் ஏஞ்சலீஸோடும் போட்டியிட முடிந்ததற்கு இந்த வேலைமுறை பெரிய காரணம்.

ஜிம் ரீவ்ஸ் அந்த ஒலிக்கு அளவெடுத்துச் செய்த குரல். டெக்சஸ்காரர், பேஸ்பால் ஆட்டக்காரராக இருந்து, லூயிசியானாவின் கேடபிள்யூகேஎச் நிலையத்தில் அறிவிப்பாளர் ஆனவர். தொடக்கத்தில் உரத்த குரலில்தான் பாடினார். 1957இல் 'ஃபோர் வால்ஸ்' பதிவின்போது மைக்குக்கு மிக அருகில் நின்று, பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவதைப் போலத் தாழ்ந்த குரலில் பாடினார். பாட்டு கன்ட்ரி வரிசையில் முதலிடம் பெற்று, பாப் வரிசையிலும் ஏறியது. 1959 இறுதியில் வந்த 'ஹீ'ல் ஹாவ் டு கோ' இசைத்தட்டின் மறுபக்கத்தில் வைக்கப்பட்டிருந்தது. மதுக்கடையிலிருந்து ஒருவன் காதலியிடம் தொலைபேசியில் பேசும் பாட்டு அது. அறிவிப்பாளர்கள் தட்டைத் திருப்பிப் போட்டார்கள். கன்ட்ரி வரிசையில் 14 வாரம் முதலிடத்தில் இருந்து, பாப் வரிசையில் இரண்டாம் இடத்தை எட்டியது. 1964 ஜூலை 31 அன்று நாஷ்வில் அருகே நடந்த விமான விபத்தில் ரீவ்ஸ் இறந்தார். இரண்டு ஆண்டு கழித்து அவருடைய 'டிஸ்டன்ட் டிரம்ஸ்' பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. தெளிவான உச்சரிப்பும் நிதானமும் ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத நாடுகளில் அவருக்குத் தனி வாசல் திறந்தன. இந்தியாவிலும் இலங்கையிலும், முக்கியமாகக் கிறிஸ்தவ, ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களில், அவர் பாடல்களும் 1963இல் வந்த அவரது கிறிஸ்துமஸ் இசைத்தட்டும் தலைமுறை தாண்டி ஒலிக்கின்றன. பல எல்விஸ் பாடல்களுக்குக்கூட இங்கே அந்த ஆயுள் கிடைக்கவில்லை.

பேட்ஸி க்ளைனின் கதை இன்னும் கடினமானது. வர்ஜீனியா மாநிலத்துப் பெண். 1957 ஜனவரியில் ஆர்தர் காட்ஃப்ரி நடத்திய திறமைத் தேர்வு நிகழ்ச்சியில் 'வாக்கின் ஆஃப்டர் மிட்நைட்' பாடி வென்றார். பாட்டு பாப் வரிசையில் 12ஆம் இடம் பெற்றது. அவருக்கோ அந்தப் பாட்டின் பாப் சாயலில் விருப்பம் இல்லை. ஜரிகைக் குஞ்சம் வைத்த கௌபாய் உடையும் வேகமான பாட்டுமே அவர் மனதுக்குப் பிடித்தவை. ஓவன் பிராட்லிதான் அவரை மெதுவான பாட்டுகளின் பக்கம் இழுத்தார். 1961 ஜூனில் கார் விபத்தில் பேட்ஸி பலத்த காயம் அடைந்தார். ஆகஸ்டில் ஊன்றுகோலோடு கூடத்துக்கு வந்து, வில்லி நெல்சன் எழுதிய 'கிரேஸி' பாடலைப் பதிவு செய்ய முயன்றார். விலா எலும்பு வலியால் மேல் சுரங்கள் எட்டவில்லை. பிராட்லி இசையை மட்டும் பதிந்து வைத்துக்கொண்டு அவரை அனுப்பினார். சில வாரம் கழித்து வந்து ஒரே மூச்சில் பாடி முடித்தார். பாப் வரிசையில் 9ஆம் இடம். 1963 மார்ச் 5 அன்று விமான விபத்தில் இறந்தபோது வயது 30. இன்று கன்ட்ரிப் பெண் குரலின் அளவுகோலாக மதிக்கப்படும் 'கிரேஸி' பாட்டில் பிடிலின் இழுப்பு இல்லை, நாட்டுப்புறக் கொச்சை இல்லை. கன்ட்ரியின் தூய வடிவம் என்று பலர் நினைவில் வைத்திருப்பது, அந்தக் காலத்துத் தூய்மைவாதிகள் கலப்படம் என்று ஒதுக்கிய ஒலி.

அறுபதுகளில் கதை சொல்லும் பாட்டுகளுக்கு பாப் நிலையங்களில் நல்ல வரவேற்பு இருந்தது. மார்ட்டி ராபின்ஸின் 'எல் பாசோ' நாலரை நிமிடத்துக்கு மேல் நீண்டது. மூன்று நிமிடத்தைத் தாண்டும் பாட்டைத் தவிர்த்த நிலையங்களும் அதை முழுதாக ஒலிபரப்பின. 1960 ஜனவரியில் அது பாப் முதலிடத்தில் இருந்தது. ஜிம்மி டீன், ரோஜர் மில்லர் பாட்டுகளும் இந்த வகை. 1968இல் டாம் டி. ஹால் எழுதிய 'ஹார்ப்பர் வேலி பி.டி.ஏ.' பாடலால் ஜீனி சி. ரைலி பாப், கன்ட்ரி வரிசைகள் இரண்டிலும் முதலிடம் பெற்ற முதல் பெண் ஆனார்.

எதிர்த்திசையில் வந்த பாட்டுக்குக் கதவு அவ்வளவு எளிதில் திறக்கவில்லை. கறுப்பினப் பாடகர் ரே சார்ல்ஸ் 1962இல் கன்ட்ரி பாடல்களை மட்டுமே கொண்டு ஓர் ஆல்பம் வெளியிட்டார். அதில் டான் கிப்சன் எழுதிய 'ஐ கான்ட் ஸ்டாப் லவிங் யூ' ஐந்து வாரம் பாப் முதலிடத்தில் நின்றது. கன்ட்ரி வரிசையில் அதற்கு இடமே தரப்படவில்லை. சார்லி ப்ரைட் என்ற கறுப்பினப் பாடகரின் முதல் இசைத்தட்டுகளை 1966இல் ஆர்சிஏ அவர் படம் இல்லாமலே வானொலி நிலையங்களுக்கு அனுப்பியது. அந்தக் காலத்து வானொலியை எல்லாருக்கும் திறந்த வீடாக நினைவுகூர்பவர்கள் இதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

கன்ட்ரி பாட்டின் பொருளே பல நேரம் ஏக்கம்தான். நாற்பதுகள் முதல் அறுபதுகள் வரை தென் மாநிலங்களிலிருந்தும் அப்பலேசிய மலைப்பகுதியிலிருந்தும் லட்சக்கணக்கானோர் டெட்ராய்ட், சிகாகோ ஆலைகளுக்கு வேலை தேடிப் போனார்கள். பாபி பேர் 1963இல் பாடிய 'டெட்ராய்ட் சிட்டி' பகலில் கார் செய்து, இரவில் ஊரைக் கனவு காணும் ஒரு தொழிலாளியின் பாட்டு. கர்லி பட்மேன் எழுதிய 'க்ரீன், க்ரீன் கிராஸ் ஆஃப் ஹோம்' வேல்ஸ் நாட்டு டாம் ஜோன்ஸின் குரலில் 1966இல் பிரிட்டன் முழுக்க ஒலித்தது. 1971இல் ஜான் டென்வர் பாடிய 'டேக் மீ ஹோம், கன்ட்ரி ரோட்ஸ்' பாடலை அவரோடு சேர்ந்து எழுதிய பில் டேனாஃப், டாஃபி நிவர்ட் இருவரும், பாட்டில் வரும் மேற்கு வர்ஜீனியாவை அறிந்தவர்கள் அல்லர். மேரிலாந்து மாநிலத்துச் சாலை ஒன்றில் போகும்போது பாட்டின் கரு தோன்றியது. ஊரை விட்டு வந்த எவருக்கும் பொருந்தும்படி அந்த ஏக்கம் அமைந்ததால்தான் பாட்டு எல்லை தாண்டியது. ஜப்பானில் 1995இல் வந்த 'விஸ்பர் ஆஃப் தி ஹார்ட்' அனிமேஷன் படம் அதையே தன் மையப் பாட்டாக எடுத்துக்கொண்டது. ஏங்கும் பாட்டுகளுக்காக இன்று ஏங்குகிறார்கள் என்பதால் இந்த நினைவின் பிடி இரட்டிப்பாகிறது.

எழுபதுகளின் நடுவில் பாப் வரிசையில் கன்ட்ரியின் பங்கு பெருகியது. சார்லி ரிச்சின் 'தி மோஸ்ட் பியூட்டிஃபுல் கேர்ள்' 1973இல் முதலிடம் பெற்றது. 1975 ஒரே ஆண்டில் ஸ்பானிஷ் அடிகள் கலந்து பாடிய டெக்சஸ் மெக்சிகரான ஃப்ரெடி ஃபெண்டர், பி.ஜே. தாமஸ், ஜான் டென்வர், 'ரைன்ஸ்டோன் கௌபாய்' பாடிய க்ளென் கேம்பெல் ஆகியோர் இரண்டு வரிசைகளிலும் முதலிடத்துக்கு வந்தார்கள். அதே வேகத்தில் சண்டையும் வந்தது.

1974 அக்டோபரில் கன்ட்ரி மியூசிக் அசோசியேஷனின் சிறந்த பாடகி விருது ஆஸ்திரேலியாவில் வளர்ந்த ஒலிவியா நியூட்டன்-ஜானுக்குப் போனது. ஆப்ரி மேடையில் ஆண்டுக்கணக்கில் பாடியவர்கள் கொதித்தார்கள். ஜார்ஜ் ஜோன்ஸ், டாமி வைனெட் தம்பதியின் நாஷ்வில் வீட்டில் கூடி, கன்ட்ரி கலைஞர்களுக்கென்று தனி அமைப்பைத் தொடங்கினார்கள். போர்ட்டர் வாகனர், ஹாங்க் ஸ்னோ, கான்வே ட்விட்டி, டாலி பார்ட்டன் எல்லாரும் அதில் சேர்ந்தார்கள். டாலியின் தங்கை ஸ்டெல்லா பார்ட்டனோ ஒலிவியாவுக்கு ஆதரவாக ஒரு பாட்டே பாடி வெளியிட்டார். மறு ஆண்டு விருது விழாவில், ஆண்டின் சிறந்த கலைஞரை அறிவிக்க மேடையேறிய சார்லி ரிச், உறையைப் பிரித்து, ஜான் டென்வரின் பெயர் எழுதிய தாளை லைட்டரால் கொளுத்தினார். அவர் ஏன் அப்படிச் செய்தார் என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. டென்வரின் பாட்டைவிட ரிச்சின் பாட்டில்தான் வயலின் அதிகம்.

எதிர்த்தவர்களின் அச்சம் நியாயமானது. பாப் வரிசைக்குள் போய் வந்த பாட்டு ஒன்று, கன்ட்ரி வட்டத்துக்குள் மட்டும் விற்ற பாட்டைவிடப் பல மடங்கு பணம் தந்தது. அந்தப் பணத்தைப் பார்த்த நிறுவனங்கள் பழைய பாணிப் பாடகர்களைக் கைவிடும் என்று அவர்கள் கணித்தார்கள். அது பெருமளவு நடந்தது.

டாலி பார்ட்டன் மூன்றே ஆண்டில் மறுபக்கம் வந்தார். கன்ட்ரியை விட்டுப் போகவில்லை, கூடவே அழைத்துப் போகிறேன் என்பது அவர் சொன்ன விளக்கம். 1977இல் வந்த 'ஹியர் யூ கம் அகெய்ன்' நியூயார்க்கின் பாப் பாடலாசிரியர்கள் பாரி மான், சிந்தியா வைல் எழுதியது. பதிவு முடிந்த பிறகு, தயாரிப்பாளர் கேரி க்ளைனிடம் சொல்லி அதில் ஸ்டீல் கிட்டாரைச் சேர்க்க வைத்தார் டாலி. தன் பழைய நேயர்கள் கேட்டால் ஒரு கன்ட்ரி வாத்தியமாவது காதில் விழ வேண்டும் என்பது அவர் எண்ணம். பாட்டு பாப்பில் 3ஆம் இடம், கன்ட்ரியில் முதலிடம். அதே ஆண்டு கன்ட்ரிப் பாடகி லொரெட்டா லின்னின் தங்கை கிரிஸ்டல் கெயிலின் 'டோன்ட் இட் மேக் மை பிரவுன் ஐஸ் ப்ளூ' பாப்பில் இரண்டாம் இடம் வந்தது. கென்னி ராஜர்ஸ் 'லூசில்' மூலம் நுழைந்தார். 1980இல் லயனல் ரிச்சி எழுதித் தந்த 'லேடி' ஆறு வாரம் பாப் முதலிடத்தில் நின்றது. 1981 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் டாலியின் '9 டு 5' பாடலும் எடி ராபிட்டின் 'ஐ லவ் எ ரெய்னி நைட்' பாடலும் மாறி மாறி முதலிடத்தில் இருந்தன. வானொலியில் கன்ட்ரி எட்டிய உச்சம் அதுதான்.

1980இல் வந்த 'அர்பன் கௌபாய்' படம் டெக்சஸ் மாநிலத்து மதுக்கூடம் ஒன்றைக் களமாகக் கொண்டது. ஜான் ட்ரவோல்டா நடித்த அந்தப் படத்தால் நியூயார்க் வரை கௌபாய் தொப்பி விற்றது. படத்தைத் தொடர்ந்து நிறுவனங்கள் ஒரே மாதிரியான மெல்லிசைப் பாட்டுகளைக் குவித்தன, மக்களுக்குச் சலித்தது. 1983 இலையுதிர் காலத்தில் பீ ஜீஸ் சகோதரர்கள் எழுதி, கென்னி ராஜர்ஸும் டாலியும் சேர்ந்து பாடிய 'ஐலண்ட்ஸ் இன் தி ஸ்ட்ரீம்' பாப், கன்ட்ரி, வயதுவந்தோர் மெல்லிசை ஆகிய மூன்று வரிசைகளிலும் முதலிடம் பெற்றது. அதன் பிறகு 2000 மார்ச் வரை எந்தக் கன்ட்ரி பாட்டும் பாப் முதலிடத்தைப் பார்க்கவில்லை.

காரணம் பாட்டின் தரத்தில் இல்லை. வானொலியின் அமைப்பு மாறியதில் இருக்கிறது. 1981 ஆகஸ்ட் 1 அன்று தொடங்கிய எம்டிவி, முகவசீகரமும் நடனமும் உள்ள இளைய பாடகர்களை முன்னிறுத்தியது. பாப் நிலையங்கள் அதைப் பின்தொடர்ந்தன. முப்பது வயதைக் கடந்த நேயர்களுக்கெனத் தனி மெல்லிசை நிலையங்கள் பிரிந்தன. எஃப்எம் பரவியதும் நிலையங்களின் எண்ணிக்கை பெருகி, ஒவ்வொன்றும் விளம்பரதாரருக்குக் காட்ட ஒரு குறிப்பிட்ட வயதினரைத் தேடியது. 1961இல் 81 ஆக இருந்த கன்ட்ரி நிலையங்கள் இருபது ஆண்டுக்குள் ஆயிரத்தைத் தாண்டிவிட்டன. பிழைக்க வழியில்லாமல் பாப் வாசலைத் தட்டிய இசைக்கு இப்போது சொந்த வீடே இருந்தது. ஜார்ஜ் ஸ்ட்ரெய்ட், ரிக்கி ஸ்காக்ஸ், 1986இல் ராண்டி ட்ராவிஸ் என்று வந்த புதியவர்கள் பிடிலையும் ஸ்டீல் கிட்டாரையும் திரும்பக் கொண்டுவந்தார்கள். அவர்களுக்குப் பாப் நிலையத்தின் தயவு தேவைப்படவில்லை. 1996இன் தொலைத்தொடர்புச் சட்டம் ஒரே நிறுவனம் நாடெங்கும் எத்தனை நிலையம் வைத்திருக்கலாம் என்ற உச்சவரம்பை நீக்கியது. அதற்குப் பின் ஊர் அறிவிப்பாளர் தட்டைத் திருப்பிப் போட்டு ஒரு பாட்டைக் கண்டெடுக்கும் வாய்ப்பு அநேகமாக மறைந்துவிட்டது.

தொண்ணூறுகளில் கன்ட்ரி பாட்டு பாப் வரிசைக்குத் தாவுவது மீண்டும் நடந்தது, ஆனால் வேறு வகையில். ஷனாயா ட்வைனின் 1997 ஆல்பம் 'கம் ஆன் ஓவர்' பிடிலும் ஸ்டீல் கிட்டாரும் குறைக்கப்பட்ட தனிப் பதிப்பாகப் பிற நாடுகளுக்குப் போனது. 2000இல் முதலிடம் பெற்ற லோன்ஸ்டார் குழுவின் 'அமேஸ்ட்' பாடலுக்கும் பாப் நிலையங்களுக்கென்று மாற்றி அமைத்த வடிவம் உண்டு. 1961இல் 'கிரேஸி' எல்லா நிலையங்களிலும் ஒரே பாட்டாகத்தான் ஒலித்தது. 1998இன் நேயர் தன் நிலையத்துக்கேற்ற பாட்டைத்தான் கேட்டார். பழைய பாட்டுகளுக்காக ஏங்குபவர்கள் உண்மையில் இழந்தது அந்தப் பொதுமையைத்தான்; இந்த ஏக்கத்தை வெறும் முதுமைப் புலம்பல் என்று தள்ளிவிட முடியாது. 2000இல் ஜார்ஜ் ஸ்ட்ரெய்ட்டும் ஆலன் ஜாக்சனும் சேர்ந்து பாடிய 'மர்டர் ஆன் மியூசிக் ரோ', பழைய கன்ட்ரியைப் பணத்துக்காகக் கொன்றுவிட்டார்கள் என்று நேரடியாகவே குற்றம் சாட்டியது.

2019இல் கறுப்பினப் பாடகர் லில் நாஸ் எக்ஸின் 'ஓல்ட் டவுன் ரோடு' பாடலை, இந்த வரிசைகளை வெளியிடும் பில்போர்ட் இதழ் தன் கன்ட்ரி வரிசையிலிருந்து நீக்கியது. பாட்டு பாப் முதலிடத்தில் 19 வாரம் நின்றது. ரே சார்ல்ஸுக்கு 1962இல் நேர்ந்ததன் தொடர்ச்சி இது. 2023இல் ட்ரேசி சாப்மனின் 1988ஆம் ஆண்டுப் பாட்டு 'ஃபாஸ்ட் கார்' லூக் கோம்ப்ஸின் குரலில் கன்ட்ரி நிலையங்களில் முதலிடமும் பாப் வரிசையில் இரண்டாம் இடமும் பெற்றது. கறுப்பினப் பெண் ஒருவர் எழுதிய பாட்டு கன்ட்ரி வானொலியின் உச்சிக்குப் போக, வெளிவந்து முப்பத்தைந்து ஆண்டு ஆகியிருந்தது.

கன்ட்ரி இசையின் புகழ் மன்றம் பழைய சண்டைகளில் பெரும்பாலானவற்றைத் தீர்த்துவிட்டது. ஜிம் ரீவ்ஸ் 1967இலும், பேட்ஸி க்ளைன் 1973இலும் சேர்க்கப்பட்டார்கள். அந்த மன்றத்தில் இடம்பெற்ற முதல் தனிப் பெண் கலைஞர் பேட்ஸி. டாலி பார்ட்டன் 1999இல், க்ளென் கேம்பெல் 2005இல், கென்னி ராஜர்ஸ் 2013இல், ரே சார்ல்ஸ் 2021இல் இடம்பெற்றார்கள். ஜான் டென்வரின் பெயர் 2024 வரை அந்தப் பட்டியலில் ஏறவில்லை. அவர் பாடிய 'கன்ட்ரி ரோட்ஸ்' பாடலை மேற்கு வர்ஜீனியா 2014இல் தன் அதிகாரபூர்வ மாநிலப் பாடல்களில் ஒன்றாக ஏற்றுக்கொண்டது.

(தொடரும்)